சின்னவளின் குரல்

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் வயதில் சில மாதங்கள்தான் வித்தியாசம். அவர்களுடைய அம்மாக்கள் கூடப் பிறந்தவர்கள். கல்யாணமாகியும் பிரிய மனமில்லாமல் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் குடித்தனம் நடத்தினார்கள். அக்காவின் மகள் பெரியவள், தங்கையின் மகள் சின்னவள். வைத்த பெயர்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பயன்பட்டன.

ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு, பிறகு ஒரே பொறியியல் கல்லூரி. மதிப்பெண்ணில் பெரியவள்தான் எப்போதும் முன்னால். மற்ற எல்லாவற்றிலும் சின்னவள். அந்த ‘மற்ற எல்லாம்’ என்னவென்று கேட்டால் பெரியவளால் எடுத்துச் சொல்ல முடியாது. இருவரும் ஒரு கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் சின்னவளைப் பார்த்துத்தான் “என்னம்மா வேணும்?” என்பார். பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பெண்மணி சின்னவளிடம்தான் தன் மூட்டுவலியைச் சொல்வாள். பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவாள்.

மூன்றாம் வருட விடுமுறையில் எல்லோரும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். குடிநீர் வழங்கல் துறையைத் தேர்ந்தெடுத்தவள் பெரியவள். இருவருக்கும் விண்ணப்பம் எழுதியவளும் அவள்தான். சின்னவள் கையெழுத்து மட்டும் போட்டாள். அதையும் தப்பான இடத்தில் போட்டாள்.

முதல் நாள், பயிற்சிக்கு வந்த மாணவர்களைக் கூட்ட அறையில் உட்கார வைத்தார்கள். மக்கள் தொடர்பு அதிகாரி வந்தார். ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். பெரியவள் முந்தின நாளே கண்ணாடி முன் நின்று தயார் செய்திருந்தாள். குழாய்களில் நீரழுத்தம் குறைவதைப் பற்றியும் கசிவினால் வீணாகும் நீரைப் பற்றியும் தடுமாறாமல் பேசினாள். அதிகாரி தலையாட்டினார். அடுத்து சின்னவள் எழுந்தாள்.

“காலையில குழாய்ல தண்ணி வரலைன்னா எங்கம்மா என்னைத்தான் திட்டுவாங்க சார். உண்மையில யாரைத் திட்டணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். “இந்தப் பொண்ணு என் பிரிவுக்கு வரட்டும்” என்றார். பெரியவளைப் பார்த்து, “நீ பொறுமைசாலி மாதிரி தெரியறே. புகார் அறைக்குப் போ” என்றார்.

இப்படியாகச் சின்னவள் மூன்றாவது மாடிக்குப் போனாள், குளிர்சாதனமும் நீலத் திரைச்சீலையும் உள்ள அறைக்கு. பெரியவள் தரைத்தளத்துக்குப் போனாள். புகார் அறையின் சுவருக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மேஜைமேல் கை வைத்தால் அதிர்வு தெரியும். அவளுக்குக் கொடுத்த காதுக்கருவியில் ஒரு பக்கத்துப் பஞ்சு பிய்ந்து போயிருந்தது. எதிர்ச்சுவரில் ஊரின் வரைபடம். கிழக்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் போகும் தெருக்களுக்குப் பச்சை, மேற்குத் தொட்டிக்கு மஞ்சள். அதன் பக்கத்தில் அன்றன்றைய வேலைகளை எழுதிப்போடும் வெள்ளைப் பலகை.

அந்த அறையின் மேற்பார்வையாளர் ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர். அவர் சொன்ன பாடம் சுருக்கமானது. “கத்தறவங்க கத்தட்டும். நீ திருப்பிக் கத்தாதே. எந்தத் தெரு, எந்த வீடு, எப்பலேர்ந்து தண்ணி இல்ல. இந்த மூணைக் கேட்டு வாங்கு. போதும்.”

சாயங்காலம் பேருந்தில் சின்னவளின் வாய் ஓயாது. இன்றைக்குத் துறையின் வண்டியில் நீரேற்று நிலையத்துக்குப் போனோம்; படம் எடுத்தோம்; இயக்குநர் என்னைப் பார்த்து எந்தக் கல்லூரி என்று கேட்டார். ஒருநாள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். “மேல மீட்டிங்ல குடுத்தாங்க. உனக்குன்னு எடுத்து வச்சேன்.”

“பசிக்கல” என்றாள் பெரியவள். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் மேலிருந்து வந்த பிஸ்கட்டைத் தின்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று இருந்தது.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அந்தக் குரல் விவகாரம் வந்தது.

புகார் எண்ணை அழைப்பவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஒலிக்கும் குரல் பழசாகிவிட்டது, புதுசாகப் பதிவு செய்யலாம் என்று அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. எதிரே சின்னவள் இருந்தாள். ‘வணக்கம். குடிநீர் வழங்கல் துறை. உங்கள் அழைப்பு வரிசையில் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், இதோ வந்துவிடுகிறோம்.’ அந்த ‘இதோ வந்துவிடுகிறோம்’ எழுதிக் கொடுத்ததில் கிடையாது. சின்னவள் தானாகச் சேர்த்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறவள் சொல்வதுபோல் சொல்லியிருந்தாள்.

மறுநாளிலிருந்து பெரியவளிடம் வந்த ஒவ்வொருவரும் சின்னவளின் குரலைக் கடந்துதான் வந்தார்கள்.

“குடிநீர் வழங்கல் துறை, சொல்லுங்க” என்றாள் பெரியவள் ஒரு முதியவரிடம்.

“அந்தப் பொண்ணுகிட்டக் குடும்மா.”

“எந்தப் பொண்ணு ஐயா?”

“முதல்ல பேசுச்சே, அது.”

“அது ரெக்கார்டிங் ஐயா.”

“இருக்கட்டும். அதையே மறுபடி போடு. நான் காத்திருக்கேன்.”

இன்னொரு பெண் நேராகவே கேட்டாள். “முன்னாடி பேசினவ எவ்வளவு பதவிசா பேசுறா. நீ ஏன் எரிஞ்சு விழறே?” பெரியவள் எரிந்து விழவேயில்லை. எந்தத் தெரு என்று மட்டும்தான் கேட்டிருந்தாள்.

செய்தி சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. சித்தி அழைத்தாள். வெளியூரிலிருந்து மாமா அழைத்தார். எல்லோரும் சின்னவளின் குரலைக் கேட்டுவிட்டு, பெரியவளின் குரல் வந்ததும் வைத்துவிட்டார்கள். ஒருநாள் மதியம் காதில் விழுந்தது அம்மாவின் மூச்சு. அதை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

“சொல்லுங்க” என்றாள்.

“அட, நீயா? ஒண்ணுமில்லடி. சின்னவ குரலைக் கேக்கலாம்னு போட்டேன். வச்சிடறேன்.”

வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. பெரியவள் பஞ்சு பிய்ந்த காதுக்கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பெற்ற தாயே வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும் எழுந்து போனதுபோல் இருந்தது. வயிற்றில் பற்றிக்கொண்ட அந்த நெருப்பு அன்றைக்கு எத்தனை தண்ணீர் குடித்தும் அணையவில்லை.

அதே வாரத்தில் மேற்குத் தொட்டியின் பெரிய குழாயில் விரிசல் கண்டது. மறுநாள் காலை முதல் மாலை வரை மேற்குப் பகுதிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு வேலை பார்க்க வேண்டும். புகார் அறைப் பலகையில் மேற்பார்வையாளர் அம்மாள் ‘நாளை மேற்கு – தண்ணீர் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார். மக்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு மாடியைச் சேர்ந்தது. சின்னவள் அறிவிப்பைப் பதிவு செய்தாள். அதை ஒலிபெருக்கி வண்டியிலும் ஏற்றினார்கள், தொலைபேசியிலும் ஏற்றினார்கள்.

கிளம்புவதற்கு முன் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது பெரியவளின் வேலை. எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். சின்னவள் கனிவாகச் சொன்னாள்: “நாளை ஒருநாள் மட்டும் கிழக்குத் தொட்டிப் பகுதிகளில் தண்ணீர் வராது. தயவுசெய்து இன்றே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.”

பெரியவள் பலகையைப் பார்த்தாள். மேற்கு. மறுபடி எண்ணைப் போட்டாள். கிழக்கு.

கை தானாக உள்தொலைபேசிப் பக்கம் போனது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருத்திப் பதிவு செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? அப்போது மாடிப்படியில் யாரோ இறங்கி வந்தார்கள். மேலே எதற்கோ கூட்டமாகச் சிரித்தார்கள். நடுவில் சின்னவளின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

கையை எடுத்துக்கொண்டாள். மேலே அத்தனை பேர் இருக்கிறார்களே, ஒருத்தருக்குக்கூடக் காது இல்லையா? இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. வேலை செய்கிறது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அவர்கள் தெரு கிழக்குத் தொட்டியைச் சேர்ந்தது. இருவரும் வீடு திரும்பும்போது ஒலிபெருக்கி வண்டி அந்தத் தெருவில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. பதிவில் கிழக்கு என்று சொன்னதால் ஓட்டுநர் கிழக்கே வந்திருந்தார். சித்தி வாசலில் நின்று கைதட்டினாள். சின்னவள் வெட்கப்பட்டுக்கொண்டு பெரியவளின் பின்னால் ஒளிந்தாள். தன் வீட்டுக் குழாய்க்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியாது.

உள்ளே அம்மா வாளி, அண்டா, குளியலறைத் தொட்டி என்று ஒன்று விடாமல் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடுப்புவலி.

“விடும்மா. எதுக்கு இவ்வளவு?”

“நாளைக்குத் தண்ணி வராதாமேடி. சின்னவ சொன்னாளே, கேக்கலியா?”

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, பெரியவள் அம்மாவின் கையிலிருந்த வாளியை வாங்கிச் சுமந்தாள். தேவையே இல்லாத தண்ணீரை வீடு முழுக்க நிரப்பி வைத்தாள்.

மறுநாள் காலை அவள் காதுக்கருவியை மாட்டும் முன்பே எல்லா இணைப்புகளும் அலறிக்கொண்டிருந்தன. மேற்குப் பகுதி மொத்தமும் காய்ந்து கிடந்தது. முதலில் வந்தவர் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறையில் நிற்பதாகச் சொன்னார். “துண்டுல துடைச்சுக்கட்டுமா, இல்ல நீங்க வந்து துடைக்கிறீங்களா?” என்று கத்தினார். அடுத்தவர் துணி வெளுக்கும் கடைக்காரர். “கிழக்குல வராது கிழக்குல வராதுன்னு கொஞ்சிக் கொஞ்சிப் பேசுதே ஒரு குரல், அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது” என்றார்.

அந்த வாக்கியம் பெரியவளின் காதில் தேனாகப் பாய்ந்தது. கூடாது என்று நினைத்தாள், ஆனாலும் பாய்ந்தது.

மூன்றாவதாக வந்த பெண் கத்தவில்லை. “மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்கம்மா. விடியற நேரத்துலயே படுக்கையிலேயே வெளிக்கிப் போயிட்டாங்க. துடைச்சுவிடக்கூடத் தண்ணி இல்ல. அப்படியே கிடக்காங்க. அவங்களுக்குப் புத்தி தெளிவா இருக்கும்மா, எல்லாம் தெரியுது, என்னைப் பார்க்க வெட்கப்பட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டாங்க.”

“எந்தத் தெரும்மா?” என்று கேட்டாள் பெரியவள்.

அந்தப் பெண் தெருவைச் சொன்னாள். பிறகு, “நேத்து சொல்லியிருந்தா ஒரு குடம் பிடிச்சு வச்சிருப்பேனே. ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையா உங்க ஆபீஸ்ல?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அப்படி ஒரு ஆள் இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்பதுபோல் கேட்டாள்.

பெரியவள் தண்ணீர் லாரி நிற்கும் கிடங்குக்கு அழைத்தாள். எல்லா லாரியும் போய்விட்டது என்றார்கள். மறுபடி அழைத்தாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய லாரியை வழியில் அந்தத் தெருவில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்லி ஓட்டுநரிடமே பேசினாள். தண்ணீர் வந்துவிட்டது என்று அந்தப் பெண் திரும்ப அழைத்துச் சொன்னபோது, “நன்றிம்மா, உன் பேரு என்ன?” என்று கேட்டாள். பெரியவள் பெயரைச் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தாள்.

மதியம் மாடியில் நடந்ததை எல்லோரும் படிக்கட்டில் நின்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தது மேற்கு என்றுதான் இருந்தது. சின்னவள் வாய் தவறிக் கிழக்கு என்று படித்துவிட்டாள். ஒலிபரப்பும் முன் அதைக் கேட்டுச் சம்மதம் சொன்னவர் அதிகாரிதான். ஆனால் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவர் மூச்சு விடாமல் திட்டியது முழுக்கச் சின்னவளை. நாளையிலிருந்து கீழே போய்ப் புகார் எடு, நீ செய்ததை நீயே கேள் என்று அனுப்பிவிட்டார்.

நாளை வரை சின்னவள் காத்திருக்கவில்லை. அப்போதே இறங்கி வந்து, பெரியவளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“என் கெட்ட நேரம்க்கா. நீ மட்டும் நேத்து ஆபீஸ்லயே அதைக் கேட்டிருந்தா உடனே கண்டுபிடிச்சு சொல்லியிருப்பே.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பெரியவள் தப்பித்திருக்கலாம். ஆமாம் என்றோ, அடடா என்றோ சொன்னால் போதும். சுவருக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டேன்.”

“என்ன கேட்டே?”

“நேத்து சாயங்காலம். கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டேன். கிழக்குன்னு சொன்னே. தப்புன்னு தெரிஞ்சுது.”

சின்னவள் அவளையே பார்த்தாள். “அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ மாட்டிக்கணும்னு நினைச்சேன்.”

“நான் உனக்கு என்னக்கா பண்ணினேன்?”

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். சொல்ல ஒன்றுமே இல்லை. “நீ ஒண்ணும் பண்ணலடி. உன்னை எல்லாருக்கும் பிடிக்குது. எனக்கு அது தாங்கல.”

மணி அடித்தது. சின்னவள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினாள். சாயங்காலம் பேருந்தில் முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெண்மணி ஏதோ பேச்சுக் கொடுத்தபோதும் வெறுமனே தலையாட்டினாள்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அம்மா பெருமூச்சு விட்டாள். “பாவம், சின்னவளைக் கீழ தள்ளிட்டாங்களாமே. எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!”

“என் கண்ணுதாம்மா.”

அம்மா சிரிக்கப் போனாள். மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தொலைபேசியை வைத்ததையும் சேர்த்துச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

“நேத்து என் கையிலேர்ந்து வாளியை வாங்கினியே, அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். “நான் போனை வச்சது தப்புதான். அதுக்கு நீ என்னைத் திட்டியிருக்கணும். அவளை இல்ல” என்றாள். பிறகு, “சித்திகிட்ட நான் சொல்லப் போறதில்ல. நீயே போய்ச் சொல்லு” என்றாள்.

சித்தி கதவைத் திறந்து முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. “சரி, போய்ப் படு” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். எப்போதும் ‘என் பெரியவளே’ என்று கூப்பிடுகிறவள், அதற்குப் பிறகு வந்த நாட்களில் வாசலில் பார்த்தால் வெறும் தலையசைப்போடு போனாள். அந்தச் சாத்திய கதவைவிட இது அதிகமாக உறைத்தது.

புகார் அறையில் சின்னவளுக்கு வேறொரு தொல்லை வந்தது. அவள் “வணக்கம், குடிநீர் வழங்கல் துறை” என்று சொன்னதும் எதிர்முனையில் மூச்சுப் பேச்சே இருக்காது. காத்திருக்கும்போது கேட்ட அதே குரல் என்பதால், இன்னும் ரெக்கார்டிங்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். “சொல்லுங்க, என்ன பிரச்சினை?” என்று கேட்டால், “பாருடி, இப்பல்லாம் மெஷினே என்னன்னு கேக்குது” என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அழைப்புகள் ஒவ்வொன்றாகப் பெரியவள் பக்கம் வந்து விழுந்தன. ஒருநாள் சின்னவள் பொறுக்க முடியாமல் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டாள்.

“ஐயா, நான் ஆளுங்க! உயிரோட இருக்கிற ஆளு! வேணும்னா தும்மிக் காட்டட்டுமா?”

மேற்பார்வையாளர் அம்மாள் சிரித்த சிரிப்பில் தலைமேலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது. அறை முழுக்கச் சிரித்தது, சின்னவளும் சிரித்தாள். பிறகு பெரியவளும் சிரிப்பதைப் பார்த்தாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பயிற்சி முடியும் தறுவாயில் மாடியிலிருந்து ஆள் வந்தது. கோடைக்காலச் சிக்கனத்தைப் பற்றி ஓர் அறிவிப்பு வேண்டுமாம். வேறு இரண்டு பேரைப் படிக்க வைத்துப் பார்த்தார்களாம், சரிப்படவில்லையாம். சின்னவளை வரச் சொன்னார்கள். அவள் எழுந்து இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“நீயும் மேல வா. நான் தப்பாப் படிச்சா சொல்லு.”

“என்னை நம்பறியா?”

“நம்பல. அதான் கண்ணு முன்னாடியே வச்சுக்கறேன்.”

நீலத் திரைச்சீலை போட்ட அந்த அறையில் பெரியவள் முதல்முறையாகக் கால் வைத்தாள். சின்னவளுக்கு அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். திட்டியதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது. பெரியவள் சுவரோரம் நின்றாள். சின்னவள் படிக்கத் தொடங்கியதும் அந்தப் பழைய நெருப்பு வயிற்றில் மெல்லத் தலைதூக்கியது. உண்மையிலேயே நல்ல குரல். அதை அவள் இதுவரை ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. எரிச்சலோடுதான் என்றாலும், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். பாதியில் கையைத் தூக்கினாள்.

“‘திறந்து வையுங்கள்’னு படிச்சே. குழாயைத் திறந்தா வைக்கச் சொல்லணும்? ‘திருகி மூடி வையுங்கள்’.”

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி படித்தாள். முடிந்ததும் அதிகாரிக்குத் தாராள மனசு வந்துவிட்டது. “நீயும் ஒரு தடவை படிச்சுப் பாரேம்மா” என்றார் பெரியவளிடம்.

அவள் படித்தாள். நிறுத்தி, நிதானமாக, ஓர் எழுத்துகூடத் தவறாமல் படித்தாள். அதிகாரி மோவாயைத் தடவினார். “ம்… தெளிவாத்தான் இருக்கு” என்றார். உப்பில்லாத சாப்பாட்டை விருந்தாளி பாராட்டுகிற தோரணை.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு அவள் பெரியவளின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் மோசமாக, முதலிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.